பண்பாட்டுப் பூங்காவில் சினிமாப் பாத்திரங்களுக்கு இடமுண்டா?

(ஓலைத்தொடுவாயில் நடைபெற்ற எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டு விழா மேடையில் சமய உண்மைகளைப் பேசுவதே மரபு. இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சினிமாப் பொம்மையைப் பற்றியது. இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கவும் கூடும். எனினும், இந்தப் பொம்மையால் நமது செயற்குழுக் கூட்டம் ஒன்று இரவு பத்து மணி வரை நீண்டு, முடிவின்றிக் கலைந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

நடந்தது இதுதான். விழாவையொட்டிப் பண்பாட்டுக் கண்காட்சி ஒன்று வைக்கவேண்டும், அதில் சிறுவர்க்கென்று ஒரு கூடமும் விளையாட்டிடமும் அமைக்கவேண்டும் என்று இளைஞர்கள் விரும்பினார்கள். யாவரும் சம்மதித்தோம். பின்பு ஒரு தம்பி எழுந்து, அக்கூடத்தின் வாயிலில் சோட்டா பீமையும், பாகுபலியையும், அமெரிக்கப் படத்திலே வரும் பனி அரசியையும் ஆளுயரத்திற்கு வரைந்து நிறுத்தலாம், அப்போதுதான் பிள்ளைகள் வருவார்கள் என்றார். உடனே பெரியவர் ஒருவர் எழுந்து, “பண்பாட்டுக் கண்காட்சி என்று பெயர் வைத்துவிட்டுப் படக்காரரின் முகத்தையா காட்டப் போகிறீர்கள்?” என்று கேட்டார். பிள்ளைகள் வராத கண்காட்சியால் யாருக்குப் பயன் என்று தம்பி திருப்பிக் கேட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. அதனாற்றான் முடிவு பிறக்கவில்லை. இதனைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசும்படி தலைவர் எம்மைப் பணித்தார்.

அன்பர்களே, இந்த வழக்கு நமது ஊரில் மட்டும் எழுந்ததன்று. கோடிக்கணக்கான பணம் புரளும் இடத்திலும் இதே வழக்கு எழுந்தது. அதனை முதலிற் பார்ப்போம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், டிஸ்னி நிறுவனத்தார் 1982ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதி எப்கொற் என்னும் பூங்காவைத் திறந்தார்கள். அதன் ஒரு பகுதியில் ஏரியொன்றைச் சுற்றிப் பல நாடுகளின் கூடங்கள் உள்ளன. மெக்சிக்கோ, சீனா, ஜேர்மனி, இத்தாலி, யப்பான், பிரான்சு முதலாக ஒன்பது நாடுகளோடு தொடங்கி, பின்னர் மொறொக்கோவும் நோர்வேயும் சேர்ந்து பதினொன்றாயின. ஒவ்வொரு கூடத்திலும் அந்தந்த நாட்டுக் கட்டடம், உணவு, கைவினை ஆகியவற்றைக் காணலாம். அந்தந்த நாட்டு இளைஞர்களை அழைத்து வந்து வேலைக்கு அமர்த்தும் வழக்கமும் உண்டு. யப்பான் கூடத்தில் யப்பானியப் பெண்ணே நின்று பொருளை விளக்குவாள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

கேலிச்சித்திர எலியினால் உலகப் புகழ் பெற்றவர்கள் டிஸ்னி நிறுவனத்தார். அப்படியிருந்தும், ஆரம்பத்தில் அந்த எலியையும் அதன் கூட்டாளிகளையும் எப்கொற்றினுள் விடாமலே வைத்திருந்தார்கள். இது கல்விக்கும் அறிவுக்கும் உரிய இடம், சினிமாவிற்கு வேறிடம் உண்டு என்பது அவர்கள் கருத்து. நமது பெரியவர் சொன்னதும் இதுவேயன்றோ? ஆனால் அந்த விரதம் சில ஆண்டுகளே நிலைத்தது. பிள்ளைகள் எலியைத் தேடினார்கள். எலி உள்ளே வந்துவிட்டது.

இனி நோர்வேக் கூடத்தின் கதை. நோர்வே நமக்குத் தூர தேசமன்று. 1956ஆம் ஆண்டில் குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராசேந்திரம் அந்நாட்டுக்குச் சென்றார். அவருடைய முயற்சியினால் சீநோர் என்னும் பெயரில் காரைநகரிலே படகுத் தொழிலும், குருநகரிலே வலைத் தொழிற்சாலையும் தோன்றின. இன்று நமது வடபகுதியில் நோர்வேயில் உறவினர் இல்லாத ஊர் அரிது. கடலும் மீனும் படகுமாக வாழ்ந்த மக்கள் அவர்கள், நாமும் அவ்வாறே.

1988இல் நோர்வேக் கூடம் திறக்கப்பட்டபோது, அங்கே படகுச் சவாரி ஒன்று அமைத்தார்கள். பழைய வைக்கிங் கப்பல் போன்ற படகில் ஏறினால், அந்நாட்டுக் கதைகளில் வரும் பூதங்களையும், பனிக்கரடிகளையும், வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையையும், புயலையும் கடந்து, இறுதியில் ஒரு மீன்பிடிக் கிராமத்தில் வந்து இறங்கலாம். அதன்பின் அந்நாட்டைப் பற்றிய சிறு படம் ஒன்றும் காட்டினார்கள். கூடம் எழுவதற்கு நோர்வேக் கம்பனிகள் பணம் போட்டன. அந்நாட்டு அரசாங்கமும் சில காலம் பணம் உதவி, பின்னர் நிறுத்திக்கொண்டது.

2013ஆம் ஆண்டில் டிஸ்னியார் ‘பிறோசன்’ என்ற படத்தை வெளியிட்டார்கள். அரெண்டல் என்னும் கற்பனை நாட்டில், தொட்டதெல்லாம் பனியாகும் வரம் பெற்ற அரசி ஒருத்தியின் கதை அது. நமது ஊர்ச் சிறுமிகளும் அவளுடைய நீல உடையைக் கேட்டு அழுகிறார்கள் என்றால், அப்படத்தின் செல்வாக்கை நாம் விளக்க வேண்டியதில்லை. 2014 ஒக்ரோபரில் பழைய சவாரியை மூடினார்கள். 2016 யூனில் அதே படகில், அதே நீர்ப்பாதையில், பனி அரசியின் சவாரி தொடங்கியது. மீன்பிடிக் கிராமமும் எண்ணெய் மேடையும் மறைந்தன.

அப்போது பலர் வருந்தினார்கள், சிலர் கோபித்தார்கள். அரெண்டல் என்றொரு நாடு உலகில் இல்லையே. உண்மையான நாட்டின் பெயரைத் தாங்கிய கூடத்தில் இல்லாத நாட்டிற்கு என்ன வேலை என்று கேட்டார்கள். மேலும், அப்படத்திற்கு வித்தாகிய ‘பனி அரசி’ என்னும் கதையை 1844இல் எழுதிய அன்டர்சன் நோர்வேக்காரரல்லர், டென்மார்க்குக்காரர். மறுபக்கத்தாரோ, படத்தின் மலைகளும் கடற்கழிகளும் மரத் தேவாலயங்களும் நோர்வேயைப் பார்த்து வரைந்தவையே என்றார்கள். பழைய சவாரியின் முடிவில் காட்டிய படத்தைப் பாராமலே பலர் எழுந்து போனார்கள், இப்போதோ கூட்டம் மணிக்கணக்காக வரிசையில் நிற்கிறது என்றார்கள். நோர்வேயின் சுற்றுலாத் துறையாருமே அப்படத்தைக் காட்டி ‘எங்கள் நாட்டுக்கு வாருங்கள்’ என்று விளம்பரம் செய்தார்கள்.

இவ்விரு பக்கத்தையும் கேட்டபின் நாம் காண்பது ஒன்று. பனி அரசி வந்தது பெரிய குற்றமன்று. மீன்பிடிக் கிராமத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவள் வந்தாளே, அதுவே நட்டம். இரண்டும் பக்கத்திற் பக்கத்தில் இருந்திருந்தால், அரசியைப் பார்க்க வந்த பிள்ளை மீனவனையும் பார்த்துப் போயிருக்கும்.

இதே பூங்காவில் மெக்சிக்கோவின் ஆற்றுச் சவாரிக்குள் 2007இல் கேலிச்சித்திரப் பறவைகள் புகுந்தன. 2021இல் பிரான்சுக் கூடத்தில் சமையல் செய்யும் எலிக்கு ஒரு சவாரி கட்டினார்கள். எனினும், பிரான்சில் அவர்கள் பழையதை இடிக்கவில்லை. கூடத்தின் புறத்தே புதிய இடம் சேர்த்துக் கட்டினார்கள். இரண்டிற்கும் உள்ள வேற்றுமையைக் கவனியுங்கள்.

இன்னும் இரண்டு செய்திகள். வட ஐரோப்பாவில் சாமி என்னும் ஆதிகுடி மக்கள் இருக்கிறார்கள். மான் மேய்ப்பதும் மீன் பிடிப்பதும் அவர்களின் பழைய தொழில்கள். முதற் படத்தில் அவர்களுடைய உடையின் சாயலும் இசையின் சாயலும் இருந்தும், அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை என்ற குறை எழுந்தது. இரண்டாம் படம் எடுத்தபோது, சாமி மக்களின் பிரதிநிதிகள் டிஸ்னியாரிடம் பேசி, 2019இல் எழுத்து மூலம் ஓர் உடன்பாடு செய்தார்கள். அவர்களுடைய அறிஞர்கள் படத்திற்கு ஆலோசனை கூறினார்கள். படம் அவர்களுடைய மொழியிலும் பேசியது. சிறிய சமுதாயம் ஒன்று பெரிய கம்பனியிடம் மரியாதையைக் கேட்டுப் பெற்றது.

மற்றையது பசுபிக் தீவு மக்களின் செய்தி. மாவுயி என்பவன் அவர்களுடைய புராண வீரன், தெய்வாம்சம் உடையவன். ‘மோவானா’ என்ற படத்தில் அவனைப் பாத்திரமாக்கியவர்கள், 2016இல் பிள்ளைகள் அணிவதற்கென்று அவனுடைய பழுப்பு நிறத் தோலும் பச்சை குத்திய கோலமும் போன்ற ஓர் உடையை விற்பனைக்கு விட்டார்கள். எங்கள் வீரனின் தோலையா கடையில் தொங்கவிடுகிறீர்கள் என்று அம்மக்கள் கேட்டார்கள். அவ்வாண்டு செப்ரெம்பரிலேயே அந்த உடையைத் திரும்பப் பெற்றார்கள். நம் முருகனையோ அனுமனையோ அவ்வாறு விற்றால் நமக்கு எப்படியிருக்கும்?

பெரியோர்களே, பிறர் கதை இதுவரை போதும். இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

ஒளவையார் என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றும் முகம் எது? மூத்தோர் பலருக்கு அது கே. பி. சுந்தராம்பாளின் முகம். 1953இல் ஜெமினி வாசன் வெளியிட்ட ‘ஒளவையார்’ படம் அந்த முகத்தைத் தந்தது. சங்க காலத்து ஒளவையும், ஆத்திசூடி பாடிய ஒளவையும் பல நூற்றாண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள் என்று அறிஞர் கூறுவர். படத்திலோ எல்லோரும் ஒருவரே. கட்டபொம்மன் என்றால்? 1799இல் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்ட அந்தப் பாளையக்காரனுக்கு 1959ஆம் ஆண்டுப் படத்தின் பின் சிவாஜி கணேசனின் முகமும் குரலுமே நிலைத்துவிட்டன. அந்நடிகரே கயத்தாற்றில் நிலம் வாங்கி, 1970இல் கட்டபொம்மனுக்குச் சிலையும் எழுப்பினார். ஒரு நடிகர் தாம் தாங்கிய பாத்திரத்திற்குச் செய்த நன்றிக்கடன் அது. படம் வராதிருந்தால் ஈழத்துக் கரையோரக் கிராமத்தில் கட்டபொம்மன் பெயரை எத்தனை பேர் அறிந்திருப்பர்? இந்த உதவியை மறைத்துப் பேசுவது நேர்மையன்று.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், அயலூர் ஒன்றில் அப்பர் சுவாமிகள் குருபூசைக்கான அழைப்பிதழ் எமக்கு வந்தது. அதில் அச்சிட்டிருந்த படத்தைக் கண்டு திகைத்தோம். 1967இல் வெளிவந்த ‘திருவருட்செல்வர்’ படத்தில் அப்பராக நடித்த சிவாஜி கணேசனின் தோற்றம் அது! அந்த நடிப்பு உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. அழைப்பிதழ் அச்சிட்ட பிள்ளைகளிடத்திலும் கபடம் இல்லை. கைத்தொலைபேசியில் அப்பர் என்று தேடியிருக்கிறார்கள், அதுவே வந்திருக்கிறது. நாம் அவர்களை அழைத்து, கோயிலில் நால்வர் சந்நிதியைக் காட்டி, உழவாரப்படையோடு நிற்கும் அப்பர் மூர்த்தத்தைப் பார்க்கச் சொன்னோம். “நாளும் கும்பிடுகிறோம், ஆனால் கவனித்துப் பார்க்கவில்லை” என்றான் ஒருவன். அந்தச் சொல் இன்றும் எம்மை உறுத்துகிறது. குற்றம் படத்தினதா? கோயிலுக்குள் அழைத்துச் சென்றும் காட்டிக் கொடாத நம்முடையதா?

இங்கே இளைஞர் ஒருவர் எழுந்து, “கூத்து மட்டும் என்னவாம்? அதுவும் அந்தக் காலத்துச் சினிமாத்தானே?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நமது மன்னார் மாவட்டம் கூத்துக்குப் பெயர்போனது. மாதோட்டப்பாங்கு, யாழ்ப்பாணப்பாங்கு என்று இரு பாங்குகள் இங்கே வழங்கின. நமது கத்தோலிக்கச் சகோதரர்கள் புனிதர்களின் சரிதைகளை விடிய விடியக் கூத்தாக ஆடி அக்கலையைக் காத்தார்கள். கூத்திலும் அரசன் வருவான், அரக்கன் வருவான், கற்பனையும் வரும். அந்த அளவில் அதுவும் சினிமா போன்றதே.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. கூத்தில் அரசனாக வந்தவன் விடிந்ததும் வேடங்களைந்து கடலுக்குப் போவான். அவனைப் பார்த்த சிறுவன், நாளைக்கு நானும் ஆடலாம் என்று அண்ணாவியாரிடம் போய் நிற்பான். அப்பாத்திரம் ஊருக்குச் சொந்தம். சினிமாப் பாத்திரம் அப்படியன்று. அதற்கு எங்கோ ஓர் உரிமையாளன் இருக்கிறான். நம் பிள்ளை அதனைப் பார்க்கலாம், அதன் படம் போட்ட சட்டையை வாங்கலாம். அதன் கதையைத் திருத்தவோ வளர்க்கவோ அதற்கு உரிமையில்லை. பார்ப்பவனாகவும் வாங்குபவனாகவும் மட்டுமே பிள்ளை நின்றுவிடுகிறது. பண்பாடு என்பதோ செய்து பழகுவதனால் வருவது.

அப்படியானால் சினிமா முகம் இன்றிப் பிள்ளைகளை ஈர்க்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில், கடற்கரைச் சாலையை அடுத்து, தட்சிணசித்ரா என்றோர் இடம் 1996இல் திறக்கப்பட்டது. தமிழ்நாடு, கேரளம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய நாடுகளில் இடிபட இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, மரம் மரமாகக் கழற்றிக் கொண்டுவந்து, அங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு உண்டு, நெசவாளர் வீடு உண்டு, குயவர் வீடும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் அங்கே போனால் களிமண்ணைக் கையிலெடுத்துச் சக்கரத்தில் வைத்துப் பார்க்கலாம், பொம்மலாட்டம் காணலாம். அவர்களை அழைக்க எந்தத் திரை நாயகனும் வாயிலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, இளைஞர்களே, நமது கூடத்திற்கு நாம் கூறும் யோசனை இது.

வாயிலிலே சோட்டா பீம் நிற்கட்டும். பெரியவர்கள் இதற்கு இசைய வேண்டும். பிள்ளை அறிந்த முகத்தைக் கண்டே அறியாத இடத்திற்குள் நுழையும். ஆனால் அருகிலே ஒரு பலகை வைத்து, இவன் பெயர் எங்கிருந்து வந்தது, பாரதத்துப் பீமன் யார் என்று இரண்டு வரியில் எழுதுங்கள். பனி அரசி நின்றால், அவள் கதையை எழுதியவர் இன்ன நாட்டவர், அவள் நாடு கற்பனை என்பதையும் எழுதுங்கள். பொம்மை ஒரு கேள்வியை எழுப்புமாயின் அது நமக்கு உதவியே.

கூடத்தின் உள்ளே அந்த முகங்கள் வேண்டாம். உள்ளே இடம் சிறிது. அதில் ஓர் அடியேனும் இரவலுக்குக் கொடுக்க நமக்குக் கட்டாது. நால்வர் படமும் தெய்வப் படமும் வைக்கும் இடத்தில், நடிகர் தோற்றம் ஒருகாலும் வரலாகாது. கோயில் மூர்த்தத்தைப் பார்த்து நம் பிள்ளைகளே வரையட்டும். மூக்குச் சற்றுக் கோணினாலும் பாதகமில்லை. அயலவரின் கூத்துடையையோ முடியையோ காட்டுவதானால், அவர்களைக் கேட்டு, அவர்களையே அழைத்து வந்து காட்டுங்கள். சாமி மக்களின் கதை நமக்குக் கற்பிப்பது அதுவே.

இனிப் பெரியோர்களுக்கு ஒரு சொல். எப்கொற்றின் யப்பான் கூடத்தில் யப்பானியப் பெண் நிற்கிறாள் என்று முன்னே சொன்னோம். நமது கூடத்தில் யார் நிற்கப் போகிறார்கள்? செயற்குழுவில் நாம் பத்து மணி வரை வாதாடியபோது, உள்ளே என்ன வைப்பது என்று கேட்ட நேரம் கால் மணியும் இராது. ஓலை என்பது நமது ஊரின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் கடகமும், நீற்றுப்பெட்டியும், சுளகும் இழைக்கத் தெரிந்த கைகள் இச்சபையில் எத்தனை? சென்ற கிழமை விசாரித்தோம். ஐந்து ஆச்சிமார் இருக்கிறார்கள். அவர்களில் இருவருக்குக் கண் மங்கிவிட்டது. கரைவலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை முழுமையாகப் பாடக்கூடியவர் இருவரே. அவ்விருவரும் ‘எங்களை யார் கேட்கிறார்கள்?’ என்றே சொன்னார்கள். பத்து ஆண்டு கழித்து இந்தக் கூடத்தை மறுபடி அமைத்தால், உள்ளே வைக்கக் கடகம் இருக்கும். இழைத்துக் காட்ட ஆள் இருக்குமா?

சினிமாப் பொம்மை வந்து நமது பெரியவர்களை எழுப்பிவிடவில்லை. அவர்கள் அமரவேண்டிய ஆசனத்தை நாம் வெறுமையாக விட்டோம். வெறும் ஆசனத்தைக் கண்டே பொம்மை வந்து அமர்ந்தது. அதனைத் திட்டிப் பயனில்லை.

ஆதலால் நாம் வேண்டுவது இதுதான். கண்காட்சி நடைபெறும் மூன்று நாளும், அந்த ஐந்து ஆச்சிமாரும் கூடத்தின் நடுவில் பாயில் அமர்ந்து ஓலை இழைக்கட்டும். ஒவ்வொருவருக்கும் அருகில் நான்கு பிள்ளைகள் இருந்து பழகட்டும். வலை பொத்தும் பெரியவர் ஒருவர் தம் ஊசியோடு வரட்டும். அம்பாப் பாட்டுத் தெரிந்த இருவரையும் இளைஞர்கள் வீடு தேடிப் போய் அழைத்து வரட்டும்; அவர்கள் பாடுவதை ஒலிப்பதிவு செய்து, கூடவே பாடியும் பழகட்டும். புழுக்கொடியலும் பனங்கட்டியும் வாங்கும் பொறுப்பைத் தாய்மார் சங்கம் ஏற்கட்டும். வாயிலில் நிற்கும் பீமனைப் பார்க்க வந்த பிள்ளை, கையிலே தான் இழைத்த சிறு பெட்டியோடு வீட்டுக்குப் போகுமானால், அந்தப் பொம்மையை நிறுத்தலாமா கூடாதா என்ற வழக்கு அன்றே தீர்ந்துவிடும்.

செயற்குழுவினர் இன்றிரவே கூடி இதனை முடிவு செய்ய வேண்டும் என்று வேண்டுகின்றோம். ஆச்சிமாரிடம் சென்று கேட்கும் பணியை முதலில் பொம்மை கேட்ட அந்தத் தம்பியிடமும், அதனை மறுத்த அந்தப் பெரியவரிடமும் சேர்த்தே ஒப்படைக்கலாம் என்பது எமது விருப்பம். இருவரும் ஒன்றாக நடந்து போனால் வழியிலே பேசிக்கொள்ளப் பொருள் நிறைய இருக்கும்.

 எல்லாம் வல்ல திருக்கேதீச்சரப் பெருமான் திருவருள் நம் ஊருக்கும் அயலூர்களுக்கும் என்றும் துணைநிற்பதாக.